கடற்கரை விடுமுறையில் மீன் சாப்பிட எங்கே போவது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

கோடை விடுமுறைக்குக் கடற்கரை போகிற குடும்பங்கள் தங்கும் அறையைப் பல நாள் யோசித்து முடிவு செய்கின்றன. அறையின் படம், குளியலறையின் படம், கடல் எத்தனை நிமிட நடை என்பது வரை பார்க்கிறார்கள். சாப்பாட்டை மட்டும் அந்த நேரத்துக்கு விட்டுவிடுகிறார்கள். மதியம் ஒன்றரை மணி, மணல் ஒட்டிய கால்கள், தூக்கம் சொக்கும் குழந்தை, மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் பெரியவர். அந்த நிலையில் கண்ணில் படும் முதல் உணவகத்துக்குள் நுழைந்தால், அது நன்றாக அமைவது அதிர்ஷ்டம்தான்.

கடல் உணவை அப்படி அதிர்ஷ்டத்துக்கு விட முடியாது. விலை அதிகம், வெயிலில் சீக்கிரம் கெடும், முள் இருக்கும், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் நல்ல மீன், நல்ல கையில் சமைக்கப்பட்டு, எல்லோரும் பசியோடு உட்கார்ந்திருக்கும்போது மேசைக்கு வந்துவிட்டால், விடுமுறையில் வேறு எதுவும் அதற்கு ஈடாகாது. அதற்காகக் கொஞ்சம் முன்யோசனை செய்வது தகும்.

முன்னால் இருக்கும் வழிகள் பொதுவாக நான்கு: கடலைப் பார்த்தபடி சாப்பிடும் பெரிய உணவகம், மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய சின்ன உணவகம், தங்கும் விடுதியின் பஃபே, மீனை நாமே வாங்கிச் சமைப்பது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல மீனையும் நல்ல காட்சியையும் ஒரே மேசையில் தேடாதீர்கள். மீனுக்கென்று ஒரு வேளை, கடலைப் பார்ப்பதற்கென்று ஒரு வேளை என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் முழுசாகக் கிடைக்கும். எந்தக் குடும்பம் எதை எப்போது தேர்ந்தெடுக்கலாம் என்பதைத்தான் இனி பார்க்கப் போகிறோம்.

கடல் தெரியும் பெரிய உணவகம்

முதல் வரிசையில் கடலைப் பார்த்து இருக்கும் இடத்துக்கு வாடகை அதிகம். அந்த வாடகை எப்படியும் பில்லில் வந்து சேரும். அதில் தவறில்லை, காட்சியும் ஒரு பொருள்தான். ஆனால் கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கு ஜன்னலுக்குப் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஒருமுறை வந்துவிட்டுப் போகிற பயணிகளை நம்பி நடக்கும் இடத்துக்கும், உள்ளூர்க்காரர்கள் திரும்பத் திரும்ப வரும் இடத்துக்கும் சமையலில் வித்தியாசம் இருக்கும். இதில் விதிவிலக்கும் நிறைய உண்டு. காட்சியும் சமையலும் சேர்ந்து அமைந்த இடங்கள் இல்லாமல் இல்லை, ஆனால் அவற்றில் மாலை நேரத்தில் இடம் கிடைப்பது கடினம்.

இங்கே முதலில் பார்க்க வேண்டியது மெனு. பக்கம் பக்கமாக இருபது வகை மீன், வருடம் முழுக்க ஒரே பட்டியல், அச்சடித்து உறை போட்ட அட்டை என்றால் உள்ளே பெரிய ஃப்ரீசர் இருக்கிறது என்று பொருள். கடலில் எந்த மீனும் வருடம் முழுக்க ஒரே அளவில் கிடைப்பதில்லை. காற்றும் நீரோட்டமும் மாறும்போது வலையில் விழும் மீனும் மாறும். இனப்பெருக்கக் காலத்தில் மீன்பிடியை நிறுத்திவைக்கும் நாடுகளும் பல. அப்படியிருக்க எப்போதும் எல்லாமும் இருக்கிறது என்றால் அது சேமித்து வைத்தது.

உறைய வைத்த மீன் என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். பிடித்தவுடன் கப்பலிலேயே உறைய வைத்த இறால், நான்கு நாள் ஐஸில் கிடந்த ‘ஃப்ரெஷ்’ இறாலைவிட நன்றாக இருக்கும். இறாலின் தலைப் பகுதியில் இருக்கும் செரிமான நொதிகள், அது செத்தவுடன் பக்கத்துச் சதையையே கரைக்கத் தொடங்குகின்றன. தாமதமான இறால் வாயில் கூழாகப் போவது அதனால்தான். ஆகவே உறைந்ததா என்று கேட்பதில் தவறில்லை, உறைந்தது என்று நேர்மையாகச் சொல்லும் கடையில் சாப்பிடுவதிலும் தவறில்லை. உறைந்ததை இன்று பிடித்தது என்று விற்பதுதான் தவறு.

இந்த வகை உணவகத்தின் உண்மையான பலம் வேறு. நிழல் இருக்கும், சுத்தமான கழிப்பறை இருக்கும், குழந்தைக்கு உயர நாற்காலி கிடைக்கும், மீன் தொடாதவர்களுக்கும் ஏதாவது சாப்பாடு இருக்கும். பன்னிரண்டு பேர் போனாலும் மேசையைச் சேர்த்துப் போடுவார்கள். மூன்று தலைமுறை சேர்ந்து போகும் பயணத்தில் இவை சின்ன விஷயங்கள் கிடையாது. முழங்கால் வலிக்கும் பாட்டிக்கு நாற்காலியின் உயரம் மீனின் ருசியைவிட முக்கியம்.

அதனால் அங்கே போங்கள், ஆனால் மாலை ஐந்து மணி வாக்கில் போங்கள். சூரியன் மறையும் நேரம்தான் அங்கே நெரிசல், அடுப்படியும் திணறுவது அப்போதுதான். அதற்கு முன்பே ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால் காட்சி முழுதும் உங்களுக்கு. அப்புறம் எளிமையாகச் சொல்லுங்கள்: ஒரு சூப், வறுத்த கணவாய், குழந்தைகளுக்குப் பிடித்தது ஏதாவது. கிரீமும் வெண்ணெயும் கனமான மசாலாவும் மூடிய விலை உயர்ந்த மீனை இங்கே கேட்க வேண்டாம். அவ்வளவு மூடினால் மீன் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

துறைமுகத்தை ஒட்டிய சின்ன உணவகம்

மீனுக்கென்று ஒதுக்கும் வேளை இங்கே. அது மதியமாக இருக்கட்டும்.

இரவெல்லாம் கடலில் இருந்த சின்னப் படகுகள் பெரும்பாலும் விடியற்காலையிலோ காலையிலோ கரை சேர்கின்றன. மீன் ஏலம் போய், கடைக்கு வந்து, சுத்தமாகி அடுப்புக்குப் போக மதியம் ஆகிவிடும். இரவுச் சாப்பாட்டுக்கு வருவது அதே மீன்தான், இன்னும் எட்டு மணி நேரம் கூடுதலாகக் காத்திருந்தது. நல்ல ஐஸில் இருந்தால் அதில் பெரிய நஷ்டம் இல்லை. கோடை வெயிலில், அடிக்கடி திறந்து மூடும் பெட்டியில் இருந்தால் நஷ்டம்தான். அதோடு சின்ன உணவகங்களில் நல்லவை இரண்டு மணிக்குள் தீர்ந்துவிடும். பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிடுவது எல்லா விதத்திலும் நல்லது, குழந்தைகளின் பசி நேரமும் அதுதான்.

இடத்தை எப்படி அடையாளம் காண்பது? பலகையில் ஐந்தாறு பெயர்தான் எழுதியிருக்கும், அதிலும் ஒன்றிரண்டை அடித்திருப்பார்கள். மீனைக் கண்ணுக்கு முன் வைத்திருப்பார்கள். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களில் வேலை உடையோடு வந்த உள்ளூர்க்காரர்கள் இருப்பார்கள். இந்த மூன்றும் இருந்தால் நாற்காலி பிளாஸ்டிக்காக இருந்தாலும் உட்காரலாம்.

மீனைப் பார்த்து வாங்கும் வாய்ப்பு இருந்தால் மூன்று நொடியில் பார்க்க வேண்டியவை: கண் தெளிவாகவும் புடைத்தும் இருக்க வேண்டும், குழிவிழுந்து மங்கியிருக்கக் கூடாது. செவுளைத் தூக்கினால் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பாக இருந்தால் பழையது. விரலால் அழுத்தினால் சதை திரும்பி எழ வேண்டும். அதற்கும் மேல் மூக்கு இருக்கிறது. புதிய கடல் மீனுக்குக் கடலின் வாசம்தான் இருக்கும். நாம் ‘மீன் நாற்றம்’ என்று சொல்வது பின்னால் வருவது. கடல் மீனின் உடம்பில் உப்பைச் சமாளிக்க இருக்கும் ஒரு வேதிப்பொருளை, மீன் செத்தபின் பாக்டீரியா உடைத்து ட்ரைமெத்தில் அமீனாக மாற்றுகிறது. அந்த வாடைதான் அது. எலுமிச்சை பிழிந்தால் அது அடங்குவதற்குக் காரணம், புளிப்பு அந்தப் பொருளைப் பிடித்து ஆவியாகாமல் செய்துவிடுவது. அதாவது எலுமிச்சை வாடையைத்தான் மறைக்கும், பழசைப் புதுசாக்காது.

கணவாய் பளபளப்பாக இருக்கட்டும். சிப்பி, மட்டி வகைகள் மூடியிருக்க வேண்டும். திறந்திருந்து, தட்டினாலும் மூடாவிட்டால் அது செத்துவிட்டது, வேண்டாம். நண்டும் சிங்கி இறாலும் சமைக்கும்வரை உயிரோடிருப்பதே நல்லது, செத்த பிறகு மிக வேகமாகக் கெடும். நண்டில் அளவைவிடக் கனத்தைப் பாருங்கள். ஓடு கழற்றிப் புதிதாக வளரும் நேரத்தில் நண்டின் உள்ளே சதை குறைந்து தண்ணீர் நிறைந்திருக்கும். பெரிதாகத் தெரியும், உடைத்தால் ஏமாற்றம். முட்டை சுமந்த நண்டு, முட்டை சுமந்த சிங்கி இறால், முழுதாக வளராத குட்டி மீன் இவற்றை யாராவது காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பல நாடுகளில் அவற்றைப் பிடிப்பதே சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாத இடத்திலும், அடுத்த கோடையில் அந்தக் கடலில் மீன் இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் அதைச் சாப்பிடக் கூடாது என்பது என் கருத்து.

இன்னொரு விஷயம், எடை. இங்கே பெரும்பாலும் கிலோ கணக்கில்தான் விலை, அதுவும் அன்றைய விலை. சொல்வதற்கு முன் கேட்டுவிட வேண்டியவை இரண்டு. கிலோ என்ன விலை? எடை போடுவது சுத்தம் செய்வதற்கு முன்பா, பின்பா? முழு மீனில் தலை, முள், குடல், தோல் போக வாய்க்குக் கிடைக்கும் சதை ஏறக்குறைய பாதி அல்லது அதற்கும் கொஞ்சம் குறைவு. நண்டில் அதைவிடவும் குறைவு. ஒன்றரைக் கிலோ மீன் என்றால் நான்கு பேருக்குத் தாராளம் என்று தோன்றும், உண்மையில் அளவாகத்தான் இருக்கும். சமைப்பதற்குத் தனிக் கூலி உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிட்டால், பில் வரும்போது முகம் மாற வேண்டியிருக்காது. எடை போடுவதை நின்று பார்ப்பதில் கூச்சம் வேண்டாம், நல்ல கடைக்காரர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

எப்படிச் சமைக்கச் சொல்வது? நல்ல மீன் கிடைத்துவிட்டால் குறைவாகச் செய்யச் சொல்லுங்கள். உப்பு, கொஞ்சம் எண்ணெய், தணல் போதும். மீனின் தசை நார்கள் குட்டையானவை, அவற்றைப் பிணைக்கும் இணைப்புத் திசு ஆடு மாட்டுக்கு இருப்பதில் சிறு பங்குதான். அதனால்தான் சில நிமிடங்களில் வெந்துவிடுகிறது, சில நிமிடம் கூடினால் உலர்ந்தும் போகிறது. சதை ஒளி ஊடுருவாமல் வெண்மையாகி, கரண்டி நுனியில் இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்துவிட்டது. உணவுப் பாதுகாப்புத் துறையினர் சொல்லும் கணக்கு, உள்ளே 63 டிகிரி செல்சியஸ். கணவாயில் வேறு கணக்கு. ஒன்று இரண்டு நிமிடத்தில் எடுக்க வேண்டும், அல்லது அரை மணிக்கு மேல் மெல்லக் கொதிக்க வேண்டும். இடைப்பட்ட நேரம்தான் அதை ரப்பராக்குகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். உட்கார இடம் போதாது, விசிறி மட்டும்தான் இருக்கும், கழிப்பறை இல்லாமலும் போகலாம். மீன் சாப்பிடாத ஒருவர் உங்களோடு இருந்தால் அவர் பட்டினி. கைக்குழந்தையைப் படுக்க வைக்க இடமிருக்காது. ஆகவே குடும்பம் பெரியதாக இருந்தால் முதல் நாள் ஒருவர் மட்டும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. எத்தனை மணிக்கு மீன் வரும், எத்தனை பேர் உட்காரலாம், காரமில்லாமல் ஒன்று செய்து தருவீர்களா என்று கேட்டுவிட்டு வந்தால், மறுநாள் அவர்களே உங்களுக்காக ஒரு மூலையை ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

விடுதியின் பஃபே

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு பஃபேயின் வசதி புரியும். காத்திருக்க வேண்டாம். இறாலைத் தொட்டுப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம், அப்புறம் நூடுல்ஸ் சாப்பிடலாம். மீனே சாப்பிடாத பிள்ளைக்கு முதல் வாய் பழக்க இது நல்ல இடம். விலையும் முன்கூட்டியே தெரியும்.

ஆனால் மீன் காத்திருக்காத பொருள். சூட்டுத் தட்டில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அது வெந்துகொண்டே இருக்கிறது. வறுத்ததும் சுட்டதும் அரை மணியில் உயிரிழந்துவிடும். குழம்பாக, சூப்பாக, சாறோடு இருப்பவை தாங்கும். எதிரிலேயே சுட்டுத் தரும் அடுப்பு இருந்தால் அங்கே போய் நில்லுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். சூடானவை ஆவி பறக்க இருக்க வேண்டும், 60 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. குளிர்ந்தவை ஐஸின் மேல், 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருப்பதைக் கடந்து போய்விடுங்கள். தொடங்கும் நேரத்துக்கே போவது இதற்கெல்லாம் எளிய தீர்வு.

வீட்டில் யாருக்காவது இறால், நண்டு ஒவ்வாமை இருந்தால் பஃபே சரிப்படாது. ஒரே இடுக்கி பத்துத் தட்டுக்குப் போகும், யாரும் கவனிக்க முடியாது.

நாமே வாங்கிச் சமைப்பது

அடுக்களை உள்ள வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தால் இந்த ஆசை வரும். காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மீன் சந்தைக்குப் போவது விடுமுறையின் மிகச் சிறந்த காலையாக அமையலாம். கூடையில் துள்ளுவதையும், பெயர் தெரியாத மீன்களையும், பேரம் பேசும் குரல்களையும் அவர்கள் வேறெங்கும் பார்க்க முடியாது. உணவகத்தில் ஒரு வேளைக்குக் கொடுக்கும் பணத்துக்கு இங்கே இரண்டு வேளைக்கு வாங்கலாம். என்ன எண்ணெய், எவ்வளவு காரம், எந்தப் பாத்திரம் எல்லாம் நம் கையில். ஒவ்வாமை இருப்பவர்களுக்கும், ஒன்றரை வயதுக் குழந்தைக்கும் இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

ஆனால் சமைக்கிறவருக்கும் அது விடுமுறைதானா? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். வருடம் முழுக்க வீட்டில் அடுப்போடு நிற்கும் ஒருவரை, கடல் தெரியும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி மறுபடியும் அடுப்பருகே நிறுத்துவது நியாயமில்லை. மற்றவர்கள் எல்லாம் அலையில் இருக்கும்போது ஒருவர் மட்டும் செதில் சீவிக்கொண்டிருப்பார். அவர் முகம் சுளிக்காமல் செய்வார் என்பதாலேயே நாம் அதைக் கவனிப்பதில்லை. வீட்டில் வழக்கமாகச் சமைக்காதவர்கள் அன்று சமைப்பதாக இருந்தால் மட்டும் இந்த வழியைத் தேர்ந்தெடுங்கள். சந்தையிலேயே சுத்தம் செய்து, துண்டு போட்டு வாங்கிவிடுங்கள். ஐஸ் பெட்டி கையோடு கொண்டு போங்கள். வாடகை வீட்டின் கத்தி பெரும்பாலும் வெட்டாது, கழிவை வைத்தால் மறுநாள் வீடே நாறும். இந்த இரண்டுக்கும் அதுவே தீர்வு.

இடையில் ஒரு நல்ல வழி உண்டு. பல கடற்கரைச் சந்தைகளில் நீங்கள் வாங்கிய மீனைப் பக்கத்துக் கடையிலேயே கூலிக்குச் சமைத்துத் தருவார்கள். சந்தையின் மகிழ்ச்சியும் கிடைக்கும், பாத்திரம் தேய்க்கவும் வேண்டாம். அந்த வசதி இருக்கும் ஊரில் எனக்கு மற்ற மூன்று வழிகளும் இரண்டாம் பட்சம்தான்.

உங்கள் மேசையில் யார்?

நான்கையும் வைத்துக்கொண்டு, உங்களோடு வருபவர்களை எண்ணிப் பாருங்கள்.

ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்தால் முள் பற்றித்தான் முதல் யோசனை. மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீன்களில் மெல்லிய முட்கள் எங்கும் பரவியிருக்கும். நடுத்தண்டு பருத்து, பக்க முட்கள் எளிதில் எடுக்கக்கூடிய பெரிய மீனின் துண்டைக் கேளுங்கள். சமைத்தபின் ஒரு பெரியவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும், கண்ணால் பார்ப்பது போதாது. தொண்டையில் முள் சிக்கிவிட்டால், எதையாவது பெரிய கவளமாக விழுங்கித் தள்ளப் பார்க்கக் கூடாது. அது முள்ளை இன்னும் ஆழமாக இறக்கலாம். வலி நீடித்தாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ மருத்துவரிடம் போக வேண்டும். அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை: அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு வேளைக்குச் சொல்லும் மீன் அளவு சுமார் 28 கிராம்தான், பதினோரு வயதில்தான் அது 113 கிராம் ஆகிறது. சின்னவர்களுக்கென்று தனியாக ஒரு மீன் சொல்லத் தேவையே இல்லை, பெரியவர்கள் தட்டிலிருந்து கொடுத்தால் போதும்.

கர்ப்பிணி இருந்தால், அல்லது தாய்ப்பால் கொடுப்பவர் இருந்தால், பெரிய வேட்டை மீன்களைத் தவிர்க்க வேண்டும். சுறா, வாள்மீன், பெரிய கண் சூரை போன்றவை மற்ற மீன்களைத் தின்று நீண்ட நாள் வாழ்பவை. கீழேயுள்ள மீன்களின் பாதரசமெல்லாம் அவற்றின் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். மத்தி, நெத்திலி, இறால் இவற்றில் பாதரசம் குறைவு. மீனே வேண்டாம் என்று அவரை ஒதுக்கிவிடுவதும் தவறு. வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை பாதரசம் குறைந்த மீன் சாப்பிடச் சொல்லித்தான் அதே நிர்வாகம் பரிந்துரைக்கிறது. இந்தத் தேர்வுக்கு, என்ன மீன் என்று உறுதியாகச் சொல்லும் இடம் வேண்டும். துறைமுகக் கடையோ சந்தையோ அதற்கு ஏற்றது, பெயர் தெரியாத ‘வெள்ளை மீன் துண்டு’ தரும் இடம் ஏற்றதில்லை.

ஒவ்வாமை இருப்பவர் வந்தால் நிதானமாக முடிவு செய்யுங்கள். இறால், நண்டு ஒவ்வாமைக்கு முக்கியக் காரணமான ட்ரோப்போமயோசின் என்ற புரதம் சூட்டில் அழிவதில்லை. நன்றாக வறுத்தால் சரியாகிவிடும் என்பது ஆபத்தான நம்பிக்கை. இறால் பொரித்த அதே எண்ணெயில் உருளைக்கிழங்கு பொரித்தாலும் ஒட்டிக்கொள்ளும். பெரிய பானையில் நண்டு கொதிக்கும்போது வரும் ஆவியே சிலருக்குப் போதும். நண்டுக் குச்சி என்று விற்பது பெரும்பாலும் மீன் கூழில் செய்தது. அதில் நண்டுச் சாறும் முட்டையும் சேர்ந்திருக்கலாம் என்பதால் யாருக்கும் அதைப் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. இப்படிப்பட்ட குடும்பத்துக்கு என் தேர்வு வாங்கிச் சமைப்பதுதான். வெளியே சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால் கூட்டம் இல்லாத நேரத்தில் பெரிய உணவகத்துக்குப் போய், பரிமாறுபவரிடம் விட்டுவிடாமல் சமையல்காரரிடமே பேசுங்கள். அவசர மருந்து பையில் இருக்கட்டும், காரில் விட்டுவிட்டுப் போக வேண்டாம்.

எல்லோரும் நன்றாகச் சாப்பிடும், நடக்கும், காத்திருக்கும் வயதில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். துறைமுகம்தான்.

எங்கே சாப்பிட்டாலும்

பச்சைச் சிப்பி கடற்கரை உணவகங்களின் பெருமை. ஆனால் கோடை அதற்கு உகந்த காலம் இல்லை. கடல்நீர் சூடாகும்போது விப்ரியோ என்ற பாக்டீரியா பெருகுகிறது, நீரை வடிகட்டி உண்ணும் சிப்பி அதைத் தனக்குள் சேர்த்துவைக்கிறது. எலுமிச்சையோ, கார சாஸோ, மதுவோ அதைக் கொல்லாது. வேக வைத்தால்தான் சாகும். கல்லீரல் நோய், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அது உயிர் ஆபத்தாக முடியலாம். மேசையில் அப்படி ஒருவர் இருந்தால் வேக வைத்த சிப்பியாகவே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், அவர் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பச்சை மீன் பரிமாறும் இடத்தில், அது முன்பே உறைய வைத்ததா என்று கேளுங்கள். இங்கே ஆம் என்பதுதான் நல்ல பதில். மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் வைத்தால் மீனில் இருக்கும் ஒட்டுண்ணிப் புழுக்கள் சாகும்.

வெப்பக் கடல்களில் பவளப்பாறைகளை ஒட்டி வாழும் பெரிய சீலா, பெரிய களவா மீன்களில் சிகுவாடெரா என்ற நஞ்சு சேரக்கூடும். சமைத்தாலும் அது போகாது, நிறத்திலோ மணத்திலோ தெரியாது. எந்தப் பகுதியில் எந்த மீன் வேண்டாம் என்பதை உள்ளூர் மீனவர்கள் அறிவார்கள். அவர்கள் தொடாத மீனை நீங்களும் தொட வேண்டாம்.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மூன்றும் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். அதையும் சமையல் அழிக்காது. சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஒன்றிரண்டு மணி நேரத்திலோ முகம் சிவந்து, தலைவலித்து, உடம்பு தடிக்கும். பலர் அதை ஒவ்வாமை என்று நினைத்து, வாழ்நாள் முழுக்க அந்த மீனையே விட்டுவிடுகிறார்கள். மீனைக் கடித்தவுடன் மிளகுபோல் நாக்கில் சுருக்கென்றால், தட்டைத் தள்ளி வைத்துவிடுங்கள். அந்த மூன்று மீன்களை வாங்கும் இடத்தில் ஐஸ் இருக்கிறதா என்று பார்ப்பது மற்ற மீன்களைவிட முக்கியம்.

மிஞ்சியதைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு மறுபடியும் கடற்கரைக்குப் போகிற வழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. சமைத்த மீன் வெளியில் இரண்டு மணி நேரம்தான் இருக்கலாம். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். கோடைக் கடற்கரையில் பெரும்பாலான மதியங்கள் அந்த ஒரு மணிக் கணக்குக்குள்தான் வரும், வெயிலில் நிற்கும் காருக்குள் அதுவும் கிடையாது. அறை பக்கத்தில் இருந்து, குளிர்பெட்டியும் இருந்தால் நேராக அங்கே கொண்டு போங்கள். இல்லையென்றால் முதலிலேயே குறைவாகச் சொல்லி, போதாவிட்டால் இன்னொரு மீனைச் சுடச் சொல்லிக் கேளுங்கள். துறைமுகக் கடையில் அதற்குப் பத்து நிமிடம்தான் ஆகும்.